முந்நூற்று அறுபத்தைந்தாம் நாள் பரிசு

செவ்வாய்க்கிழமை காலை, பல்கூடத் தேய்க்காமல் போனில் ‘உப்புத்தீவு’ விளையாட்டுக்குள் போனேன். முந்நூற்று அறுபத்தைந்தாம் நாள். வருகைப் பொத்தானை அழுத்தியதும் பெட்டி திறந்தது. உள்ளே, ஒரு வருஷம் விடாமல் வந்தால் தருவதாகச் சொன்ன கலங்கரை விளக்கு இல்லை. ஒரு சீட்டு இருந்தது.

‘கலங்கரை விளக்குக் குலுக்கல் சீட்டு - ஒன்று.’ அடியில் பொடி எழுத்தில், ஆயிரம் சீட்டில் மூன்றுக்கு விளக்கு விழும் என்று போட்டிருந்தது. சீட்டைப் பிரிக்கத் தனியாகச் சாவி வாங்க வேண்டும். ஐயாயிரத்துத் தொள்ளாயிரம் வோன், ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு.

மூன்று முறை வெளியே போய் உள்ளே வந்து பார்த்தேன். சீட்டுதான்.

இது இனாமாக ஆடும் விளையாட்டு இல்லை, காசு கொடுத்து வாங்கியது. ‘இதற்குமேல் எதற்கும் பணம் கேட்க மாட்டோம்’ என்று முதல் திரையிலேயே எழுதியிருந்தார்கள். வாங்கிக் கொடுத்தவன் என் அண்ணன் கிதே. அந்த நிறுவனத்தில்தான் படம் வரைகிறான். அந்த விளக்கை வரைந்ததே அவன்தான்.

நான் பள்ளிக்கூடத்திலிருந்து நின்ற வாரம் அப்பா சாப்பாட்டு மேசையில் சொன்னார்: “இவ எதைத்தான் முடிச்சிருக்கா? பியானோ பாதி, டேக்வாண்டோ பாதி. இப்ப பள்ளிக்கூடமும் பாதி.”

அண்ணன் பின்னாலேயே என் அறைக்கு வந்தான். “ஒரு வருஷம், ஒரு நாள் விடாம வா போமி. விளக்கு உனக்குத்தான். அப்பா மூஞ்சிக்கு நேரா காட்டலாம்.”

விடவில்லை. மே மாதம் குடல்வால் அறுவைக்கு என்னைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அண்ணன் கூடவே ஓடிவந்து, என் விரலைப் பிடித்துத் திரையில் அழுத்த வைத்தான். நர்ஸ் அவனைத் திட்டிய திட்டு மயக்கத்திலும் எனக்குக் கேட்டது.

விளையாடுகிறவர்களின் குழு அரட்டை பற்றி எரிந்தது.

“எனக்கு மட்டும்தான் சீட்டா?”

“எல்லாருக்கும்தான்டா. வருஷம் பூரா வேலை பாத்தவனுக்குச் சம்பளத்துக்குப் பதிலா லாட்டரி.”

“அந்தச் சாவியையும் நம்மளே வாங்கணுமாம். கூச்சமே இல்லையா இவனுங்களுக்கு?”

குழுவை நடத்துபவர் ‘தூங்குமூஞ்சி’ என்ற பெயரில் ஆடும் ஓர் அக்கா. “வண்டி விடுவோம்” என்று எழுதினார். மின்பலகை பூட்டிய லாரியை வாடகைக்குப் பிடித்து நிறுவன வாசலில் நிறுத்துவது எங்கள் வழக்கம். கோபம் பலகையில் ஓடும். நாங்கள் வீட்டிலேயே இருப்போம். பதினொரு நிமிடத்தில் வாடகை சேர்ந்துவிட்டது.

“ஆளுக்கு ரெண்டு வரி அனுப்புங்க.”

அந்தக் குழுவில் நான் அதுவரை ஒரு சொல்கூட எழுதியதில்லை. அன்று எழுதினேன். எழுதிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

வியாழன் மதியம், நிறுவனம் இருக்கும் பாங்யோவில் எல்லோரும் சாப்பிடக் கீழே இறங்கும் நேரத்துக்கு லாரி போய் நின்றது. யாரோ நேரலையில் காட்டினார்கள். பலகையில் ஆளுயர எழுத்து ஓடியது.

‘365 நாள் வந்தேன். அறுவைக்குப் போகும்போதும் அண்ணன் விரல் பிடித்து அழுத்த வைத்தான். பரிசு: ஒரு சீட்டு.’

என் வரி. அது மட்டும். திரும்பத் திரும்ப.

ஏழாவது மாடிச் சன்னலில் ஆட்கள் நின்று பார்த்தார்கள். அண்ணன் இருப்பது ஏழாவது மாடி.

அன்று மாலை அவன் சீக்கிரமே வந்துவிட்டான். கிம்ச்சிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அப்பா போனில் செய்தி பார்த்துச் சிரித்தார்.

“பாத்தியா கிதே? உங்க ஆபீஸ் வாசல்ல லாரியாமே. எவளோ ஒரு பைத்தியம் ஆபரேஷனுக்குப் போறப்பவும் விளையாடியிருக்கா. அதுக்குக் கூட ஒரு அண்ணன்!”

அண்ணன் சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தான்.

“அந்த அண்ணன் நான்தான்ப்பா.”

அப்பாவின் கரண்டி பாதியில் நின்றது. என்னைப் பார்த்தார். என் வயிற்றைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார்.

“முந்நூத்தி அறுபத்தஞ்சு நாளா? நீயா?”

தலையாட்டினேன்.

“ஒரு நாள்கூட விடாமலா?”

“விடலப்பா.”

விளக்கு இல்லாமலேயே அப்பாவுக்குக் காட்டியாகிவிட்டது என்று எனக்குப் புரிய ஒரு கணம் ஆனது. அந்த ஒரு கணம்தான் நன்றாக இருந்தது. பிறகு அண்ணன் முகத்தைப் பார்த்தேன்.

“உனக்கு எப்பண்ணா தெரியும்? சீட்டுன்னு?”

குழம்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“மூணு மாசமா.”

மூன்று மாதம். தினமும் வேலைக்குக் கிளம்பும்போது என் கதவைத் தட்டி, “அழுத்திட்டியா?” என்று கேட்டவன். கடைசி நாள்வரை.

“சொல்லக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கிட்டாங்க போமி. கோவப்படாத. தரவுக் குழுவுல எனக்கு ஆள் இருக்கு. உன் கணக்குல மட்டும் விளக்கைப் போட்டுடச் சொல்றேன். யாருக்கும் தெரியாது.”

சீட்டைப் பார்த்தபோதுகூட நான் இப்படி அதிரவில்லை.

“தூங்குமூஞ்சி அக்காவுக்கும் விளக்கு கிடைக்குமா?”

அண்ணன் மறுபடி குச்சிகளை எடுத்தான்.

போன் அதிர்ந்தது. அந்த அக்காதான். ‘நாளைக்கும் வண்டி நிக்குது. இன்னிக்கு ஓடின வரி உன்னுதுதானேம்மா? இன்னொண்ணு குடேன்.’

போனை அண்ணன் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

“நீயே எழுதுண்ணா.”

“பைத்தியமா உனக்கு? வேலை போயிடும்.”

“வேணாம்னா திருப்பிக் குடுத்துடு.”

அவன் திருப்பிக் கொடுக்கவில்லை. எழுதத் தொடங்கினான். அழித்தான். மறுபடி எழுதினான். நான் எட்டிப் பார்த்துப் படித்தேன்.

‘விளக்கை வரைந்தவனின் தங்கைக்கும் சீட்டுதான்.’

அனுப்பும் பொத்தானின் மேல் அவன் விரல் நின்றது. அந்த விரலை நான் பிடிக்கவில்லை. அப்பாவும் நானும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அழுத்திவிட்டான்.