எம் என்று தட்டியவள்

கணினியின் அடிப்படை மென்பொருளான கெர்னலைக் கட்டும்போது, கணினியின் பாகங்களை இயக்கும் ஒவ்வொரு டிரைவர் நிரலைப் பற்றியும் அது ஒரு கேள்வி கேட்கும். பதில் மூன்றே மூன்று ஆங்கில எழுத்துதான். ஒய் என்று தட்டினால் டிரைவர் கெர்னலுக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும், அப்புறம் பிரிக்க முடியாது. எம் என்றால் தனிக் கோப்பாக வெளியே இருக்கும். கூப்பிட்டால் வரும், போ என்றால் போகும். என் என்றால் வேண்டவே வேண்டாம். இலக்கியாவை அவள் வீட்டில் யாரும் இப்படி மூன்று பதில் வைத்துக்கொண்டு கேட்டதில்லை.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் கம்ப்யூட்டர் கம்பெனி நடத்தும் கலியமூர்த்தி அவளுடைய தாய்மாமன். அவள் படித்து முடித்த கையோடு, “நம்ம கம்பெனி இருக்கறப்ப வெளில எதுக்கு?” என்று கூட்டிவந்து உட்கார வைத்தவர். கெட்டவரில்லை. கெட்டவராயிருந்தால் சண்டை போட்டுவிட்டுக் கிளம்பியிருக்கலாம். பாசம் காட்டுகிறவரிடம் என்ன செய்வது? கோயம்புத்தூரில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னபோதுகூட அவர் கோபப்படவில்லை.

“சிதம்பரம் காலேஜ் லேப் நீ இல்லாம ஓடுதான்னு பாப்போம். ஓடுச்சின்னா தாராளமா போ,” என்றார்.

கம்பெனி பார்த்துக்கொள்ளும் அந்த லேப் கணினிகளுக்கு ஹார்டு டிஸ்க் கிடையாது. எல்லாமே சர்வரிலிருந்து நெட்வொர்க் வழியாக வந்தாக வேண்டும். இப்போது நெட்வொர்க் கார்டுகளைப் புதிதாக மாற்றியிருந்தார்கள். கார்டின் டிரைவரைக் கெர்னலுக்குள் வைத்தால், கார்டு மாறும்போதெல்லாம் கெர்னலை மறுபடி கட்ட வேண்டும். கட்டத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். வெளியே வைத்துவிட்டால், அவள் இடத்துக்கு வந்திருக்கும் அருண்குமார் கோப்பை மாற்றிப் போட்டுச் சமாளித்துக்கொள்வான். எம் என்று தட்டினாள். தட்டும்போதே மனசு கோயம்புத்தூர் பஸ் ஏறிவிட்டது. ஆபீஸ் கணினியில் போட்டுப் பார்த்தாள், அழகாக ஓடியது. ஆபீஸ் கணினிக்கு ஹார்டு டிஸ்க் உண்டு, டிரைவர் கோப்பு அதிலேயே இருந்தது என்பது அந்தச் சந்தோஷத்தில் அவளுக்கு உறைக்கவில்லை.

பரீட்சை நாள் காலையில் அருண்குமார் போன் செய்தான். “அக்கா, ஒரு சிஸ்டமும் வரல. பாதியில நின்னுடுது. மத்தியானம் எக்ஸாம்க்கா.”

காலேஜ் சர்வரை வெளியிலிருந்து தொட முடியாது. பஸ் பிடித்தாள். ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் தவறு புரிந்துவிட்டது. கார்டில் இருக்கும் சின்னச் சில்லு, கெர்னலைச் சர்வரிலிருந்து கொண்டுவந்து இறக்கிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அதற்கப்புறம் கெர்னல் தானே சர்வரோடு பேச டிரைவர் வேண்டும். டிரைவரோ சர்வரில் உட்கார்ந்திருக்கிறது. சாவியை வீட்டுக்குள் வைத்துவிட்டுக் கதவை இழுத்துப் பூட்டிய கதைதான்.

லேப் வாசலில் பிள்ளைகள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். டிரைவரைத் தனிப் பொட்டலமாகக் கட்டிக் கெர்னலோடு சேர்த்து அனுப்பும் வழியும் உண்டு. அதைச் சோதித்துப் பார்க்க அவகாசமில்லை. அதே கேள்வி திரையில் வந்து நின்றது. ஒய் என்று தட்டினாள். திரைகள் ஒவ்வொன்றாக எழுந்தன, பிள்ளைகள் ஓடிவந்து உட்கார்ந்தார்கள். அவளுக்கு அழுகை வந்தது.

அருண்குமார் அதற்குள் மாமாவுக்குப் போன் போட்டுவிட்டான். “அக்கா வரலன்னா அவ்ளோதான் சார்.” நல்ல எண்ணத்தில்தான் சொன்னான், பாவி. சொல்லிவிட்டுப் போனை அவளிடம் நீட்டினான்.

“பாத்தியா கண்ணு, நீ இல்லாம ஓடாதுன்னு எனக்கு அப்பவே தெரியும். நெல்லிக்குப்பத்துல ஒரு ஸ்கூல்ல கேக்கறாங்க, அதே கார்டுதான். கோயம்புத்தூர்காரங்ககிட்ட வரலன்னு சொல்லிடறியா?”

இல்ல மாமா, நான் போறேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். “ம்” என்ற சத்தம் மட்டும் வந்தது.

கெர்னலிடம் எம் என்றால் வெளியே இருக்கலாம் என்று அர்த்தம். மாமாவிடம் ம் என்றால் சரி என்று அர்த்தம்.

“நல்லதும்மா,” என்று அவர் போனை வைத்துவிட்டார்.