ஆறுக்கு ஆறு

"ஆடாம உட்காரு அம்சவல்லி" என்று சொல்லிவிட்டு, டேப்பின் நுனியை அவள் முதுகு சாய்ந்திருந்த சுவரில் அழுத்திப் பிடித்து, அவள் முன்னால் இருந்த அலுமினியத் தட்டின் மறுவிளிம்பு வரை இழுத்தேன். மூன்றடி. இந்த முழங்காலிலிருந்து அந்த முழங்கால் வரை இரண்டேகால் அடி. இரண்டையும் உள்ளங்கையில் பேனாவால் குறித்துக்கொண்டேன். சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த அம்சவல்லிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சத்தம் வராமலிருக்க முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, "இன்னாக்கா, ஜாக்கெட்டுக்கு அளவு எடுக்கற மாரி எடுக்கறீங்க" என்றாள் கிசுகிசுப்பாக.

கிசுகிசுப்புக்குக் காரணம் அவள் கணவன் தனகோட்டி. சுரங்கத்தில் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து, அந்த வீட்டின் ஒரே அறையில் குறுக்காகப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். மந்தாரக்குப்பத்தில் ஒரு ஓட்டு வீட்டின் பின்பக்கப் போர்ஷன் அது. அவன் எழுந்திருக்கும்வரை அறையில் யாரும் நடமாடக் கூடாது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சோற்றைக்கூட அவர்களின் இரண்டு பெண் குழந்தைகளும் சமையலறையில்தான் சாப்பிட்டாக வேண்டும். அங்கே லெக்கோ அடுப்பு. அந்த நிலக்கரிக் கட்டி பற்றுவதற்குள் உயிர் போய்விடும், பற்றிக்கொண்டாலோ லேசில் அணையாது. சோறு வடித்து இறக்கிய பிறகும் மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். அதற்கு ஒரு முழம் தள்ளி இரண்டு பிள்ளைகளும் வேர்த்து வழிய, அடுப்புப் பக்கம் இருந்த முழங்காலை மடக்கி இழுத்துக்கொண்டு சாப்பிட்டதைச் சற்று முன்புதான் பார்த்திருந்தேன்.

"நீ எங்க உட்கார்ந்து சாப்பிடுவே?" என்று கேட்டேன்.

"நானா? இதோ, இந்த நெலப்படிலதான். ஒரு காலு உள்ள, ஒரு காலு வெளிய. யாருனா வந்தா தட்ட எடுத்துகினு ஓரமா நின்னுக்குவேன்" என்றாள். அதில் குறைப்பட்டுக்கொள்ள ஏதோ இருப்பதாகவே அவளுக்குத் தெரியவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது.

எதற்காக இந்த அளவெடுப்பு என்று சொல்லிவிடுகிறேன். நானும் அம்சவல்லியும் நெய்வேலியில் ஒரே வரைபட அலுவலகத்தில் வேலை பார்த்தோம். அவள் பிரிண்ட் அறையில் உதவியாள், அம்மோனியா நெடியில் நின்று வரைபடங்களுக்குப் பிரதி எடுப்பாள். நான் ட்ரேசர். மற்றவர்கள் பென்சிலால் போட்ட கோட்டின் மேல், அடியிலிருப்பது தெரியும் ட்ரேசிங் துணியை விரித்து, அதே கோட்டை மையால் போடுவது என் வேலை. எழுபத்தெட்டாம் வருஷம் அது. பதினான்கு மாதமாகத் தற்காலிகம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீட்டிப்பார்கள், ஒவ்வொரு முறையும் என் அம்மா மாரியம்மனுக்கு எலுமிச்சம்பழ மாலை போடுவாள். பர்மனென்ட் ஆனால் சம்பளம் மட்டுமல்ல, குவார்ட்டர்ஸும் கிடைக்கும். அப்போது எங்கள் மேசையில் இருந்ததோ கடைசி கிரேடு ஆட்களுக்கான மாடி வீடுகளின் வரைபடம். போன பொங்கலுக்கு பர்மனென்ட் ஆன தனகோட்டிக்கு அதில்தான் வீடு வரும். ஆர்டர் கையில் வந்தால் எனக்கும் என் அம்மாவுக்கும் அதில்தான் வரும்.

ஒரு அறை, சமையலறை, குளியலறை, கக்கூஸ். நடுவே முன்வாசலிலிருந்து பின்வாசல் வரை மூன்றடி அகலத்தில் பன்னிரண்டடி நீளத்துக்கு ஒரு நடைவழி. காற்று வாங்கக்கூட ஆகாத இருட்டு வழி. வரைபடத் தாளில் மீட்டரில்தான் எழுதுவோம், பேச்செல்லாம் அடியில்தான். இந்த டைப்புக்கு டைனிங் ஏன் இல்லை என்று கேட்டால், இடமில்லை என்று பதில் வரும். ஆபீஸில் ஒரு தடிப் புத்தகம் உண்டு. வெளிநாட்டில் அச்சடித்தது. மனிதன் நாற்காலியில் உட்கார எவ்வளவு இடம், நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்திருக்க எவ்வளவு இடம் என்று படத்தோடு போட்டிருக்கும். தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிற மனிதன் அதில் ஒரு பக்கத்திலும் கிடையாது. அந்தப் புத்தகத்தின்படி மேசை போட்டுச் சாப்பிடக் குறைந்தது பத்துக்கு ஒன்பது வேண்டும். அதனால் இடமில்லை. இத்தனைக்கும் எங்கள் பிரிவில் ஒருவர் வீட்டிலும் சாப்பாட்டு மேசை கிடையாது. எல்லோரும் வீட்டில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு சைக்கிளேறி வந்து, சாப்பிடும் இடமென்றால் மேசை என்று நினைத்து வரைந்துகொண்டிருந்தோம். பதினான்கு மாதம் நானும் அப்படித்தான் கோடு போட்டேன். அதை நினைத்தால் என்மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

எதிரும் புதிருமாக இரண்டிரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றும் மூன்றும் ஆறடி. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பேருக்கு நாலரை அடி. குழம்புச் சட்டியோடு குனிந்து நடக்க ஒன்றரை அடி சேர்த்தால் அதுவும் ஆறு. ஆறாறு முப்பத்தாறு. மூன்று பன்னிரண்டும் முப்பத்தாறுதான். சமையலறைக் கதவை நடுச்சுவரிலிருந்து மூலைக்குத் தள்ளி, குளியலறையை ஒரு திருப்பு திருப்பினால் அந்த நடைவழியே தேவையில்லை. அந்த இடம் முழுக்கச் சமையலறைக்குப் பக்கத்தில் சதுரமாக வந்து சேர்ந்துவிடுகிறது. அடுப்புச் சூடு வராது, அறையில் தூங்குகிறவனும் எழுந்திருக்க வேண்டியதில்லை. செங்கல் ஒன்றுகூட அதிகம் கிடையாது. திங்கட்கிழமை காலையில் இதைப் பென்சிலில் போட்டு எங்கள் தலைமை வரைவாளர் நல்லசாமியிடம் காட்டினேன். கோயமுத்தூர்ப் பக்கத்து மனிதர், யாரையும் நோகப் பேசத் தெரியாதவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இரண்டு தரம் கூட்டிப் பார்த்தார்.

"கணக்குச் சரியாத்தான் இருக்குதுங்க அம்மிணி. ஆனா நம்ம வேலை கோட்டு மேல கோடு போடறது. புதுக் கோடு போடறதுக்கு நமக்குச் சம்பளமில்லீங்களே" என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை. அது போதும் என்று மையைத் தொட்டுவிட்டேன்.

புதன்கிழமை பொறியாளர் சிவப்பிரகாசம் என் மேசைக்கு வந்து நின்றார். எங்கள் பிரிவுக்கு அவர்தான் எல்லாம். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். வரைபடத்தைக் குறுக்கும் நெடுக்கும் பார்த்து, ஸ்கேலை எடுத்து அவரே அளந்து, சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் அவருக்குக் கோபம் வந்தது.

"டைனிங்னு எழுதியிருக்கீங்க. யார் சொன்னா?"

"யாரும் சொல்லல சார். ஒரு சதுரஅடி கூடல."

"கணக்கை நான் கேக்கலம்மா. மேல இருக்கிற டைப்புக்கே இந்த வருஷம்தான் டைனிங் குடுத்திருக்கோம். ஒத்த ரூம் வீட்டுக்கும் குடுத்தா மேல இருக்கிறவன் சும்மா இருப்பானா? அப்புறம் கிரேடுன்னு ஒண்ணு எதுக்கு? ரூம்ல உட்கார்ந்து சாப்பிடட்டும்."

"நைட் ஷிஃப்ட் பார்த்தவர் பகல்ல அங்கதான் சார் தூங்குவார்."

"சரி, இப்ப எங்க சாப்பிடறாங்க?"

"அடுப்புகிட்ட. நிலைப்படில. எங்கயாவது."

"சாப்பிடறாங்கல்ல?" என்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு பாதி பிளேடை எடுத்து என் மேசையில் வைத்தார். மை போட்ட துணியில் எதையாவது அழிக்க வேண்டுமென்றால் பிளேடால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

எங்கள் டவுன்ஷிப்பில் ஒருவன் கிரேடு என்ன என்று அவனைக் கேட்க வேண்டியதில்லை. வாசல் கேட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். கேட்டில் தெரிவது போதாது, உள்ளே உட்கார்ந்து சோறு தின்னும்போதும் தெரிய வேண்டும் என்கிறார்கள். எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது.

"எழுதிக் குடுத்திடுங்க சார். இந்த டைப்புக்குச் சாப்பிடற இடம் வேண்டாம்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. சுரண்டிடறேன்" என்றேன்.

பக்கத்து மேசைகளில் ஸ்கேல் சத்தம் நின்றுபோனது. அவர் எழுதித் தரவில்லை. அப்படி ஒரு வரியை யாரால் எழுத முடியும்? குரலைத் தணித்துக்கொண்டார். "இடத்தை எடுக்க வேண்டாம். அந்த வார்த்தையை மட்டும் எடுத்துட்டு பாசேஜ்னு எழுதுங்க. உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது. உங்க பர்மனென்ட் ஃபைல் இந்த வாரம் என் டேபிளுக்கு வந்திருக்கு, தெரியும்ல?"

தெரியும். ஆபீஸ் முழுக்கத் தெரியும். என் அம்மா பழமே வாங்கி வைத்துவிட்டாள்.

அவர் போனதும் நல்லசாமி மெதுவாக என் பக்கம் சாய்ந்தார். "பேருதானுங்க அம்மிணி. இடம் கெடச்சாப் போதாதுங்களா?"

"பாசேஜ்னு எழுதினா எஸ்டிமேட் செக்‌ஷன்ல என்ன பண்ணுவாங்க சார்? நடக்கறதுக்கு மூணடி போதும்னு பாதியை வெட்டிடுவாங்க. மூணடில யார் எதிரெதிரா உட்கார முடியும்?"

முப்பது வருஷம் கோடு போட்ட மனிதருக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும்.

உண்மையைச் சொன்னால் அன்று மத்தியானம் நான் பயந்துதான் போனேன். கொண்டுபோன சாப்பாட்டைத் திறக்கவில்லை. வேலை போனால் அம்மாவை அழைத்துக்கொண்டு விருதுநகர்ப் பக்கம் அண்ணன் வீட்டுக்குத்தான் போக வேண்டும். அங்கே அண்ணி முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட வேண்டும். எழுதித் தொலைப்போம், ஊருக்கெல்லாம் வீடு கட்ட நான் யார் என்றுகூட நினைத்தேன். அப்போதுதான் பிரிண்ட் அறையிலிருந்து அம்சவல்லி வந்தாள். அம்மோனியாவில் எப்போதும் சிவந்திருக்கும் கண்கள் அன்று இன்னும் சிவந்திருந்தன. விஷயம் அவள் காதுக்கும் போயிருந்தது.

"வுட்ருங்கக்கா. எங்களுக்கோசரம் உங்க வேல போவக் கூடாது. அவுரு சொல்றாப்புலயே எழுதிக் குடுத்துடுங்க. நாங்க எங்கனா ஒக்காந்து துன்னுக்குவோம்" என்றாள்.

நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். ஆனால் அந்த 'எங்கனா' இருக்கிறதே, அது என்னைப் பிடித்து உலுக்கிவிட்டது. காலையில் நான் சிவப்பிரகாசத்திடம் குற்றமாகச் சொன்ன வார்த்தையை இவள் எனக்குச் சமாதானமாகச் சொல்கிறாள். அவர்மேல் வந்ததைவிட அதிகக் கோபம் அவள்மேல் வந்தது.

"எங்கனாவெல்லாம் சாப்பிட வேண்டாம். போய் வேலையைப் பாரு" என்று எரிந்து விழுந்தேன். பாவம், போய்விட்டாள்.

பிளேடை எடுத்தேன். டைனிங் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்த ஆறு எழுத்தையும் ஒவ்வொன்றாகச் சுரண்டினேன். சுரண்டிய இடத்தை நகத்தால் தேய்த்து வழவழப்பாக்கினேன், இல்லாவிட்டால் அடுத்த மை பரவிவிடும். நல்லசாமி பெருமூச்சு விட்டது கேட்டது. நான் வழிக்கு வந்துவிட்டேன் என்று நினைத்திருப்பார். பாசேஜ் என்று எழுதவில்லை. மேல் கிரேடு வீடுகளின் வரைபடத்தில் மேசையும் ஆறு நாற்காலியும் வரைந்து காட்டுவது வழக்கம். அதைப் பார்த்தால் அது என்ன இடம் என்று எவரும் கேட்க மாட்டார்கள். நான் சின்ன காம்பஸை எடுத்து அந்தச் சதுரத்துக்குள் நான்கு வட்டம் போட்டேன். ஒவ்வொரு வட்டத்துக்குப் பின்னாலும் உட்கார ஒரு பலகை. எதிரும் புதிருமாக இரண்டிரண்டு. நாலாவது பலகையில் அம்சவல்லி உட்காருவாளா, பழக்கப்படி நிலைப்படிக்கே போவாளா என்பது அவள் பாடு. இடமில்லை என்று மட்டும் இனி யாரும் அவளிடம் சொல்ல முடியாது.

மறுநாள் காலை துணியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு சிவப்பிரகாசத்தின் கண்ணாடித் தடுப்புக்குள் போனேன். விரித்துப் பார்த்தார். விரல் அந்தச் சதுரத்தில் வந்து நின்றது.

"இது என்ன வட்டம்?"

"தட்டு சார்."

"பாசேஜ்ல தட்டு எதுக்கு?"

"வார்த்தையை எடுக்கச் சொன்னீங்க, எடுத்துட்டேன். தட்டை எடுக்கணும்னா பிளேடு இதோ இருக்கு. நீங்களே எடுத்துடுங்க சார்" என்று அவருடைய பாதி பிளேடை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

அவர் பிளேடைத் தொடவில்லை. நான்கு வட்டங்களையும் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் வீட்டில் எத்தனை பேர், எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. "உங்க ஃபைல் இங்கதான் இருக்கு செங்கமலம்" என்றார் கடைசியில், பக்கத்திலிருந்த பழுப்பு அட்டையைத் தட்டி. குரலில் மிரட்டல் குறைந்து அலுப்பு கூடியிருந்தது.

"பார்த்தேன் சார். ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு. எதுல வேணும்னாலும் மொதல்ல கையெழுத்துப் போடுங்க."

சொல்லிவிட்டு வந்து என் ஸ்டூலில் உட்கார்ந்தேன். நல்லசாமி என் பக்கம் திரும்பவேயில்லை, ஆனால் அவருடைய தண்ணீர்க் கூஜாவை என் மேசைக்குத் தள்ளி வைத்தார். குடித்தேன். மேல் தளத்து வீடுகளுக்கும் இதே வரைபடத்தை இன்னொரு துணியில் போட்டாக வேண்டும். புதுத் துணியை விரித்து நான்கு மூலையிலும் பின் குத்தினேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் சிவப்பிரகாசம் பேனா மூடியைக் கழற்றிவிட்டார். முன்னாலிருந்தது துணியா, அட்டையா என்று இங்கிருந்து தெரியவில்லை. எப்போதும் வெளிச்சுவரிலிருந்துதான் ஆரம்பிப்போம். இன்று சுவர் காத்திருக்கட்டும் என்று காம்பஸில் மை நிரப்பி, ஒன்றுமில்லாத வெள்ளைத் துணியின் நடுவில் முதல் தட்டை வரைந்தேன்.