மோசிக்குப் பின்னால்

"கையை ஆட்டாதீங்க" என்றாள் ஸ்டெய்ன்வோர். கொட்டகைக் கதவின் தகரம் கணவர் ஏவிந்தூரின் கட்டைவிரலைக் கிழித்திருந்தது. அவள் பிளாஸ்திரியை ஒட்டி முடிப்பதற்குள் அவர் எழுந்துவிட்டார். அது கோணலாகப் போயிற்று.

"உக்காருங்க, சரியா ஒட்டுறேன்."

"நடுவர் என் விரலையா தடவிப் பாக்கப்போறாரு? மோசியோட முதுகத்தானே."

"தாடியில தயிர் வேற."

"மோசி ஒண்ணும் சொல்லலியே!"

அன்று செம்மறிக் கிடாக் கண்காட்சியில் அவருடைய கிடா மோசிக்கு இரண்டாமிடம். மறுநாள் காலை தீவனம் வைக்கப் போனவர் கொட்டகையிலேயே விழுந்து இறந்துபோனார்.

அடக்க ஆராதனையில் கொடுக்கும் பாட்டுத்தாளின் முகப்புக்கு அவர் படம் வேண்டியிருந்தது. அதற்காகவே அவருடைய தங்கை மகள் சோல்ரூன் தலைநகர் ரெய்க்யவிக்கிலிருந்து மடிக்கணினியோடு வந்திருந்தாள். நாற்பது வருடப் படங்கள் சமையலறை மேசையில் கிடந்தன. எல்லாவற்றிலும் முன்னால் ஒரு கிடா. கிடா பெரிதாகத் தெரிவதற்காக, பிடித்திருப்பவர் தன்னைக் குறுக்கிக்கொள்வது வழக்கம். ஏவிந்தூரைவிட நன்றாகக் குறுகத் தெரிந்தவர் அந்தப் பள்ளத்தாக்கில் இல்லை. ஒன்றில் தொப்பி விளிம்பு, இன்னொன்றில் முழங்கால்.

பக்கத்துப் பண்ணைக்காரர் கடைசிக் கண்காட்சியில் கைப்பேசியில் எடுத்த படத்தில் மட்டும் முகம் இருந்தது. மோசியின் தாடையைத் தாங்கிக்கொண்டு, அதைப் பார்த்துச் சிரிக்கிறார். ஆனால் வெளிச்சம் முழுவதையும் அந்த வெள்ளைக் கிடா எடுத்துக்கொண்டிருந்தது. அவர் இருட்டில் இருந்தார்.

"ஊரே வரும். ஒருதரமாவது அவரு முன்னால நிக்கட்டும்."

"நிக்க வச்சிடலாம் அத்தை."

சோல்ரூன் மோசியின் வெண்மையைக் குறைத்தாள். முகத்தின் இருட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கினாள். கண்ணோரச் சுருக்கங்கள் வந்தன. தாடி வந்தது. தாடியில் ஒரு வெள்ளைப் பொட்டும் வந்தது.

"தொடைக்கவே இல்ல பாரு!" ஸ்டெய்ன்வோர் சிரித்தாள். ஐந்து நாளில் முதல் முறை.

சோல்ரூன் அழிக்க அழிக்க, கிடா பனிமூட்டம்போல மங்கி மறைந்ததும் அந்தச் சிரிப்பு நின்றது. திரையில் ஒரு கிழவர் வெறுமையைப் பார்த்துக்கொண்டிருந்தார், வழி தவறியவர்போல.

"மோசியக் கொண்டா."

"மாமாவ மறுபடி இருட்டுல விடவா?"

"முகம் அப்படியே இருக்கட்டும். மோசி வரணும்."

"காது மட்டும்?"

"முழுசா. இல்லேன்னா கோவிச்சுப்பாரு."

"சர்ச்சுல சிரிப்பாங்க அத்தை."

"சிரிக்கட்டும். அவரு முகம் தெரியுதில்ல?"

"நல்லாத் தெரியுது."

கிடா திரும்பி வந்தது. காது, கொம்பு, அகன்ற மார்பு. ஏவிந்தூரின் பார்வை போய்ச் சேர ஓர் இடம் கிடைத்தது. சோல்ரூன் அம்புக்குறியைத் தாடைப் பக்கம் நகர்த்தினாள்.

"விரல்ல இருக்கிற பிளாஸ்திரிய எடுத்துடுறேன். ஒரு நிமிஷம்தான்."

ஸ்டெய்ன்வோர் அவள் கைமேல் தன் கையை வைத்தாள்.

மோசியின் தாடைக்குக் கீழே, அந்தக் கட்டைவிரலில், பிளாஸ்திரி கோணலாகவே இருந்தது. ஒரு முனை ஒட்டாமல் தூக்கிக்கொண்டிருந்தது.