ஏழாம் பாத்தியின் எடை

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். அன்று பாவாயி அக்காவின் சோளக்காட்டில் மார்கழி வெயில் இதமாகத்தான் அடித்தது. தராசைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்குக் காது இரண்டும் எரிந்தன.

ஆறாம் பாத்தித் தட்டைப்பயறு இரண்டே கால் கிலோ. ஏழாம் பாத்தி நானூற்றுப் பத்து கிராம். பையை அவிழ்த்து மறுபடி நிறுத்தேன். அதே நானூற்றுப் பத்து.

மழை குறைந்த காடுகளுக்கு ஏற்ற சோளமும் தட்டைப்பயறும் தேர்ந்தெடுப்பது எங்கள் ஆராய்ச்சி நிலையத்தின் வேலை. நிலையத்து வயலில் எதைப் போட்டாலும் விளையும். அங்கே பயிருக்குக் கிடைக்கிற கவனிப்பு எனக்கே வீட்டில் கிடைக்காது. அதனால் கடைசிச் சோதனையை விவசாயியின் மானாவாரிக் காட்டில்தான் வைப்போம். திருச்செங்கோட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் பாவாயி அக்காவின் காடு. அவர் கணவர் போர்வெல் லாரியோடு வருடத்தில் எட்டு மாதம் வெளிமாநிலத்தில் இருப்பார். காடு முழுக்க அக்கா பொறுப்பு. அங்கே எட்டுப் பாத்தி போட்டிருந்தோம். சோள வரிசைகளுக்கு ஊடே தட்டைப்பயறு, பாத்திக்கு ஒரு ரகம்.

ஏழாம் பாத்தியில் இருந்தது என் ரகம். ஆறு வருடத்துக்கு முன் நானே பூவுக்குப் பூ மகரந்தம் தொட்டு உண்டாக்கியது. நகரத்தில் எங்கள் ஃபேர்லேண்ட்ஸ் வீட்டில் அம்மா மாப்பிள்ளை போட்டோவை நீட்டும்போதெல்லாம், "முதல்ல இந்தப் பயறு கரையேறட்டும்மா" என்று தப்பித்து வந்தேன். இந்தப் பருவத்து எடை நன்றாக இருந்தால் அடுத்த வருடம் இருபது ஊர்களுக்குப் போகும். இல்லாவிட்டால் பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள். மேச்சேரியில் இன்னொரு சோதனைக் காடு இருந்தது. அங்கே செம்மறி ஆடுகள் புகுந்து எட்டுப் பாத்தியையும் பாரபட்சம் பார்க்காமல் தின்று முடித்துவிட்டன. மிச்சம் இருந்தது இந்தக் காடு ஒன்றுதான்.

செடிகளுக்கு நடுவே குனிந்து பார்த்தேன். பூச்சி இல்லை, நோய் இல்லை. காய் பறித்த வெறும் காம்புகள் மட்டும், நாங்கள் அன்று பறித்ததைவிடப் பல மடங்கு இருந்தன.

"அக்கா, யாரோ திருடியிருக்காங்க" என்றேன்.

பாவாயி அக்கா சோளக் கதிர்களுக்கு மேலே குருவி விரட்டக் கட்டியிருந்த கேசட் நாடாவை இழுத்து முடிந்துகொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"திருட்டெல்லாம் இங்க ஏதுங்க சாமி. நாங்கதான் பறிச்சமுங்க."

"நாங்கன்னா?"

"நானு, இந்தச் சாரதாமணி, களை வெட்ட வந்த பொம்பளைங்க. சோளம் காட்டுக்காரருக்கு. ஊடால இருக்கற பச்சைக்காய் வேலைக்கு வந்தவங்களுக்கு. போறப்ப ஆளுக்கொரு மடி. அது எப்பவும் இருக்கறதுதானுங்களே."

பக்கத்துக் காட்டுச் சாரதாமணி அக்கா அன்று எனக்குக் காய் பறித்துத்தர வந்திருந்தார். ஆமாம் என்று சாவகாசமாகத் தலையாட்டினார்.

"ஆறு வருஷ வேலைக்கா! ஒரு குழம்புக்காக மொத்தத்தையும் நாசம் பண்ணிட்டீங்க!"

கத்திவிட்டேன். சாரதாமணி அக்கா கூடையைக் கீழே வைத்தார். பாவாயி அக்காவின் முகம் சுருங்கிப்போனது.

"காஞ்ச காயைத் தொடக்கூடாதுன்னீங்க. காஞ்சது ஒண்ணுகூடத் தொடலைங்க. சோளத்துல ஒரு கதிரு குறைஞ்சிருக்குதா, எண்ணிப் பாருங்க. பச்சையாப் பறிக்கக்கூடாதுன்னு நீங்க சொல்லவே இல்லீங்களே சாமி."

உண்மைதான். விதைத்த அன்று மூன்று தடவை சொன்னேன், மூன்று தடவையும் காய்ந்த காய் என்றுதான் சொன்னேன். எங்கள் வீட்டில் தட்டைப்பயறு கடையிலிருந்து பாக்கெட்டில் வரும். ஆறு வருடம் அந்தச் செடியோடு குடித்தனம் நடத்திய எனக்கு, காட்டில் அதைப் பச்சையாகவே பறித்துச் சமைப்பார்கள் என்பது தெரியவில்லை. படித்த படிப்பை என்ன சொல்ல. வெட்கமாக இருந்தது.

"தப்பு என்மேலதாங்க்கா. கத்துனதுக்கு மன்னிச்சுக்கோங்க" என்றேன். பிறகுதான் ஒன்று உறைத்தது. ஏழாம் பாத்தி வண்டித்தடத்திலிருந்து தள்ளி, பனைமரத்து ஓரம் இருக்கிறது. மற்ற பாத்திகளைத் தாண்டித்தான் அங்கே போக வேண்டும்.

"மத்த ஏழுலயும் ஏன் பறிக்கலை?"

"பறிச்சோமே, மொத நாளு" என்றார் சாரதாமணி அக்கா. "ஒண்ணு வேகவே மாட்டேங்குது. ஒண்ணு வெந்தா தோலு தனியா வந்துருது. இது ஒரு கொதிதானுங்க, வெண்ணெயாட்டம் ஆயிருது. காத்திகையில மழையே இல்லாம மத்ததெல்லாம் பூவைக் கொட்டுனப்பவும் இது பாட்டுக்குக் காச்சுக்கிட்டு இருந்துச்சுங்க. எங்கூட்டுல ரசஞ்சோறு வெச்சாக்கூட ஏழாம் நம்பர் இல்லியான்னு கேக்கறாங்க."

நிலையத்துக்குப் போன் போட்டேன். ஜெரால்ட் சார் எனக்கு மேலதிகாரி, கடுகடுப்பே இல்லாத மனிதர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தார். அப்புறம் குரல் தணிந்தது.

"தின்னதை எப்படிம்மா எடை போடறது? மடிக்கணக்கு ஃபார்ம்ல ஏறாது. இருக்கறதை எழுது."

இரண்டு கிலோ என்று எழுதினால் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியுமே. 410 என்று எழுதினேன். கண் கலங்கி எழுத்து இரண்டாகத் தெரிந்தது.

"என்னங்க சாமி எழுதினீங்க?"

"இதோட சரிக்கா. இந்த ரகம் இனிமே வராது."

"வராதுன்னா?"

"நிறுத்திடுவாங்க."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாவாயி அக்கா என்னிடம் வந்தார், தராசுக் கொக்கியில் தொங்கிய துணிப்பையைக் கழற்றினார், இடுப்பில் இடுக்கிக்கொண்டார்.

"அக்கா, அது நிலையத்துக்குப் போகணும்."

"ஆபீசுலதான் வேண்டாம்னுட்டாங்களே. எங்களுக்கு வேணுமுங்க. வர்ற புரட்டாசிக்கு நாங்க எதைப் போடறது?"

எத்தனையோ ஊர்களில் விதைப் பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய், போட்டுப் பாருங்கள் என்று கெஞ்சியிருக்கிறேன். வாங்கி வைத்துக் கையெழுத்துப் போடுவார்கள், அத்தோடு சரி. என் கையிலிருந்து யாரும் விதையைப் பிடுங்கியதில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. குறிப்பு என்ற கட்டத்தில் 'விதை விவசாயி வசம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். திட்டு விழுந்தால் வாங்கிக்கொள்ளலாம்.

சாரதாமணி அக்கா முந்தானையை விரித்தார். பாவாயி அக்கா ஒரு கை அள்ளிப் போட்டார். அப்புறம் கொஞ்சம் யோசித்து, விரலை நீட்டி அவரை எச்சரித்தார்.

"இந்தா, சொல்லிப்போட்டேன். இந்தத் தடவை நம்ம ரெண்டு ஊட்டுலயும் ஒருத்தியும் பச்சைக்காய்ல கை வெக்கக்கூடாது. அத்தனையும் விதைக்கு."