ஒச்சுவின் புருவமேடு

“ஒச்சு ஆம்பளைதான் பங்காளி, இதுக்கு மேல பேசாத” என்று வெள்ளைத்துரை கத்த, “பொம்பளைதான் மச்சான், எம்புட்டு நேரம்னாலும் பேசுவேன்” என்று காசிமாயன் அதைவிட ஓங்கிக் கத்திக்கொண்டிருந்தபோது, இருவருக்கும் நடுவில் சாக்கின் மேல் வைத்திருந்த ஒச்சுவின் மண்டையோடு கொட்டாவி விட்டது. 1936ஆம் வருஷக் கோடையில், உசிலம்பட்டிக்கு மேற்கே. ஊரே பார்த்தது, வெயில் அப்படி என்று விட்டுவிட்டது.

விஷயம் இதுதான். அந்த ஊரில் முதலில் குடியேறியவர்கள் சோணையும் அவரோடு கூடப்பிறந்த ஒச்சுவும். சோணை வழி வெள்ளைத்துரை, ஒச்சு வழி காசிமாயன். ஒச்சு என்றால் ஒச்சப்பனா ஒச்சாயியா என்று யாரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. ஆணென்றால் இரண்டு வீடும் பங்காளி, பெண்ணென்றால் மாமன் மச்சான். வரப்புச் சண்டைக்குப் பங்காளி, கறிச்சோற்றுக்கு மச்சான் என்று சௌகரியமாகத்தான் காலம் போனது. காசிமாயன் மகள் ஜெயக்கொடி, கட்டினால் வெள்ளைத்துரை மகன் கருத்தக்கண்ணனைத்தான் கட்டுவேன் என்றதும் வந்தது வினை. ஒச்சு ஆணாயிருந்தால் அவன் அவளுக்கு அண்ணன் முறை. அதனால் அவள் வெள்ளைத்துரையைப் பெரியப்பா என்றும் கூப்பிடாமல், மாமா என்றும் கூப்பிடாமல், வருஷக்கணக்காக “இந்தாங்க” என்றே ஓட்டிக்கொண்டிருந்தாள். ஊருக்கு இது தெரியாதென்று அவளுக்கு நினைப்பு. வெள்ளைத்துரைக்கோ பெண்மேல் ஒரு குறையும் இல்லை. ஒச்சு ஒற்றைக் கம்பால் சிறுத்தையை அடித்த கதையைச் சொல்லியே வளர்ந்த மனுஷர். அந்தச் சிறுத்தையை ஒரு பொம்பளைக்கு விட்டுக்கொடுக்க மனசில்லை, அவ்வளவுதான்.

ஒச்சுவைப் புதைத்த புளியமரத்தடியில் கிணறு வெட்டும்போது தலை மேலே வந்தது. கிராம முன்சீப் போலீசுக்குச் சொல்ல, கொலையோ என்று பார்க்க மதுரையிலிருந்து டாக்டர் சாம்பசிவம் வந்தார். பழைய எலும்பு, வழக்கில்லை என்று கிளம்பியவரை ஊர் மறித்து, ஆணா பெண்ணா சொல்லிவிட்டுப் போகச் சொன்னது. அவர் நண்டுக்கால் போல் வளைந்த எஃகு அளவுகோலை எடுத்தார். புருவமேடு தடித்து, காதுக்குப் பின்னால் முண்டு பெருத்திருந்தால் பெரும்பாலும் ஆண். நெற்றி வழவழவென்று நேராக இருந்தால் பெரும்பாலும் பெண் என்றார்.

“பெரும்பாலும்னா?”

“நூற்றுக்கு எண்பது.”

“மிச்சம் இருபதும் எங்க ஊர்க்காரங்களா?” என்றார் வெள்ளைத்துரை.

வெள்ளைத்துரை பக்கத்தில் இருக்கும்போது அளந்தார்கள்: ஆண். அவரைத் தள்ளி உட்காரவைத்து, காசிமாயன் பக்கத்தில் வைத்து அளந்தார்கள்: பெண். டாக்டர் சந்தேகப்பட்டுத் தன் தலையை அளந்தார், கூட வந்த கான்ஸ்டபிள் தலையையும் அளந்தார், கருவியில் கோளாறில்லை. தன் தலைக்கு என்ன வந்தது என்று கேட்கக் கான்ஸ்டபிளுக்குத் தைரியமில்லை. கிட்டத்தில் இருப்பவர் மனசுக்குத் தோதாகப் புருவமேடு பிசைந்த மாவு மாதிரி எழும்புவதும் அமுங்குவதுமாக இருந்ததை முதலில் கண்டுகொண்டவள் ஜெயக்கொடி. மண்டையோட்டைத் தூக்கி வெள்ளைத்துரை மடியில் வைத்தாள். மேடு குப்பென்று எழும்பியது.

“ஒச்சு, நீ ஆம்பளையாவே இருந்துக்க, நான் குத்தம் சொல்லல” என்றாள் அதனிடம். “ஆனா இவுகளை மாமான்னு ஒரு தரமாச்சும் கூப்பிடணும். நாக்கு நுனியிலயே நிக்குது.”

வெள்ளைத்துரைக்குப் பெண்பிள்ளை கிடையாது. தொண்டையைச் செருமினார், மேலே பார்த்தார், முகத்தைச் சுளித்தார். முகம் அவர் சொன்னதைக் கேட்டது. மடியில் இருந்தது கேட்கவில்லை. ஊர் பார்த்திருக்கப் புருவமேடு வெண்ணெயாக இறங்கி, நெற்றி வழவழவென்று ஆகி, மஞ்சள் வாசம் வந்தது. டாக்டர் அளவுகோலை நீட்டினார்.

“அளக்க வேணாம்ங்க. சிறுத்தையை அடிச்சது பொம்பளைதான்” என்ற வெள்ளைத்துரை, காசிமாயன் பக்கம் திரும்பினார். “பரிசம் போட என்னைக்கு வாரது, மச்சான்?”

ஆவணியில் கல்யாணம். டாக்டர் திருச்சிக்கு மாற்றலாகிப் போனார். அங்கே எதைக் கேட்டாலும் பெரும்பாலும் என்றுதான் சொல்வாராம். ஒச்சுவைக் கிணற்று மாடத்தில் வைத்தார்கள். பிற்பாடு வரப்புத் தகராறு வந்தபோது அதற்குப் புருவமேடு மறுபடி எழும்பியிருந்தது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அன்றைக்குப் பங்காளி என்று பேசிக்கொண்டார்கள். ஜெயக்கொடியும் கருத்தக்கண்ணனும் மதுரை ஆரப்பாளையத்தில் விறகுக்கடை வைத்துக் குடிபோனார்கள். வெள்ளைத்துரை அடிக்கடி பஸ் ஏறிப் போவார். போனாலும் கடை வாசலிலேயே வேடிக்கை பார்ப்பதுபோல் நிற்பார், அவள் மாமா என்று கூப்பிடும்வரை.