லேட் மாமா ஆஜர்

சமூகக் கூடத்தின் வாசலில் தன் படத்தைப் பார்த்ததும் கண்ணாடிக்காரனுக்கு அப்படியே திரும்பிப் போய்விடலாம் என்று இருந்தது. ஆள் உயரத் தட்டி. ‘முன்னாள் படைவீரர்களின் காவலர்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். கல்யாணத்தில் எடுத்த படம் அது. பக்கத்தில் நின்ற மனைவியை வெட்டி எடுத்திருந்தார்கள். அவள் விரல்கள் மட்டும் அவன் முழங்கையில் மிஞ்சியிருந்தன.

“எப்படி இருக்கு, மாப்ளே?” பின்னாலிருந்து வயர்லெஸ்காரர் கேட்டார். பட்டாளத்தில் இருபது வருஷம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சேதி கேட்டவர். இப்போது இடது காது சுத்தமாகக் கேட்காது.

“என்னை மாதிரியே இல்ல.”

“அதனாலதான் நல்லா இருக்கு.”

அவன் சிரிக்கவில்லை. சிரித்துப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. மனைவியைச் சாகக் கொடுத்தவனுக்கு முப்பத்து மூன்று வயதில் ஊர் நிறைய விட்டுக்கொடுக்கும்.

தட்டியில் பாராட்டியிருந்த வேலையை ஆரம்பித்தது அவள்தான். அவர்களுடைய மூக்குக்கண்ணாடிக் கடைக்கு ஒருநாள் கன்னம் வீங்கிப்போய் ஒருவர் வந்தார். பட்டாளத்தில் சமையல்காரராக இருந்தவர். தனிக்கட்டை. குளியலறையில் விழுந்து ஒன்றரை நாள் கிடந்திருக்கிறார். கண்ணாடி உடைந்ததுதான் அவருக்குக் கவலை. ஒன்றரை நாள் என்பது அவளைத் தூங்கவிடவில்லை. அந்த வாரமே சுற்றுவட்டாரத்தில் தனியாக இருக்கும் முன்னாள் படைவீரர்கள் பதினொரு பேரைத் தேடிப் பிடித்தாள். தினமும் காலை ஏழிலிருந்து ஏழரைக்குள் அவள் போனுக்குக் கூப்பிட்டு ‘ஆஜர்’ சொல்ல வேண்டும். நீள நோட்டில் பெயருக்கு நேரே டிக் விழும். ஏழரைக்குள் வராதவரை அவளே கூப்பிடுவாள். எடுக்காவிட்டால் ஸ்கூட்டரில் போய்க் கதவைத் தட்டுவாள்.

“குரல் கேக்காம டிக் போடக் கூடாது” என்பது அவள் சட்டம்.

“காலங்காத்தால வீட்டுக்குள்ள பட்டாளத்தைக் கூட்டிட்டியே” என்று அவன் போர்வையை இழுத்து மூடிக்கொள்வான்.

அவர்களில் ஒருவர் ராணுவ லாரி ஓட்டியவர். ஒருநாள்கூட ஏழரைக்கு முன்னால் கூப்பிட்டதில்லை. அவருக்கு அவள் வைத்த பெயர் லேட் மாமா.

“நல்ல பேராத்தான் வெச்சிருக்கே பொண்ணே. நான் செத்தப்புறமும் மாத்த வேண்டாம்” என்பார் அவர். அவள் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரிப்பாள்.

பிறகு ஒரு காய்ச்சல். ஒன்பது நாள். அவ்வளவுதான்.

அவளைக் கொண்டுபோன மறுநாள் காலை ஏழு மணிக்கு அவளுடைய போன் அடித்தது. அவன் எடுத்தான். “ஆஜர், மாப்ளே” என்றார்கள், ஒருவர் பின் ஒருவராக. ஒவ்வொருவரும் கூடவே “சாப்பிட்டியா?” என்று கேட்டார்கள். தினமும் பதினொரு சாப்பிட்டியா. ஒரு மாதம் தாங்கினான். பிறகு எல்லோரிடமும் சொன்னான்: “மிஸ்டு கால் போதும் மாமா. ஒரு ரிங் விட்டுக் கட் பண்ணிடுங்க. நான் டிக் போட்டுக்கறேன்.” பாவம், பேச முடியவில்லை போலிருக்கிறது என்று அவர்களும் சம்மதித்தார்கள்.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு புதன்கிழமை, ஏழு மணி இரண்டு நிமிடத்துக்கு லேட் மாமாவின் பெயர் போனில் மின்னியது. ஒரு ரிங். இரண்டு. மூன்று. கட்டிலில் உட்கார்ந்தபடி அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். போன் அடித்து ஓய்ந்தது. கிழவர் கட் பண்ண மறந்துவிட்டார் என்று நினைத்தான். அதிசயமாக இன்றைக்குச் சீக்கிரம் என்றும் நினைத்தான். டிக் போட்டான்.

வியாழக்கிழமை அழைப்பே இல்லை. லேட் மாமாதானே என்று கடைக்குப் போய்விட்டான். சாயங்காலம் கடை சாத்தும்போது நோட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. கை அது பாட்டுக்கு டிக் போட்டது.

வெள்ளிக்கிழமை எரிவாயு உருளை கொண்டுவந்த ஆள் லேட் மாமா வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக் கூச்சல் போட்டான். குளியலறை நிலைப்படியில், கையில் போனோடு செத்துக் கிடந்தார். வந்த டாக்டர், கடைசியாக யார் பேசியது என்று கேட்டார். கண்ணாடிக்காரன் நோட்டை நீட்டினான். டாக்டர் வியாழக்கிழமை என்று எழுதிக்கொண்டார். அந்த டிக், லேட் மாமாவை ஒருநாள் கூடுதலாக வாழ வைத்துவிட்டது.

குடியிருப்போர் சங்கத் தலைவர் பாராட்டு விழா என்று வந்தபோது இரண்டு முறை வேண்டாம் என்றான். “இந்தத் தன்னடக்கம் இருக்கு பாருங்க” என்று தலைவர் அதையும் அவன் கணக்கிலேயே சேர்த்துவிட்டார். ஏன் வேண்டாம் என்று மட்டும் அவனுக்குச் சொல்ல வாய் வரவில்லை.

கூடத்தில் அறுபது நாற்காலி. மேடை மேஜையில் கேடயம், பக்கத்தில் அந்த நீள நோட்டு. தலைவர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டு அவனிடம் குனிந்தார். “கேடயம் குடுக்கறது யாரு தெரியுமா? லேட் மாமா பொண்ணு. வெளியூர்ல நர்ஸ். இதுக்குன்னே லீவு போட்டு வந்திருக்காங்க. உள் ரூம்ல இருக்காங்க, ஒரு வார்த்தை பேசிட்டு வந்துடுங்க.”

உள் அறையில் நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. அந்த அம்மா தண்ணீர்க் கேனுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். நாற்பதைத் தாண்டியிருக்கும். அப்பாவின் அதே தாடை.

“வாங்க தம்பி. அப்பா போன்ல உங்களைப் பத்தித்தான் பேச்சு. மாப்ளே பாதியா இளைச்சுட்டான்னு.”

“உக்காருங்கக்கா.”

“உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னுதான் வந்தேன்.” கைப்பையிலிருந்து ஒரு பழைய போனை எடுத்தாள். மூலையில் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. “இது அப்பாவோடது. பாருங்க, புதன்கிழமை ஏழு ரெண்டுக்கு உங்களுக்கு. ஏழு அஞ்சுக்கு எனக்கு. நான் எடுக்கல. வார்டுல இருந்தேன். பேரைப் பாத்தேன், பைக்குள்ள போட்டேன். அப்புறம் கூப்பிடலாம்னு நினைச்சேன். மறந்துட்டேன்.”

அவன் போனையே பார்த்தான்.

“ஆனா முதல்ல உங்களுக்கு ஆஜர் குடுத்திருக்கார். விழுந்து கெடக்கற ஆள் ஆஜர் குடுத்துட்டுதானா மகளைக் கூப்பிடுவார்? மறுநாளும் டிக் இருக்குன்னு சொன்னாங்க. அதை நினைச்சுத்தான் தம்பி நான் தூங்கறேன்.” அவள் திரையை மேலே தள்ளினாள். “ஒண்ணுதான் புரியல. வியாழக்கிழமை இதுல எந்தக் காலும் இல்ல. நீங்க நேர்ல போய்ப் பாத்தீங்களா?”

ஆமா என்று ஒரு சொல் போதும். இந்த அம்மா இன்றைக்கும் நாளைக்கும் தூங்குவாள். அவன் கேடயத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவான். வெளியே தலைவர் “வணக்கம், வணக்கம்” என்று ஒலிபெருக்கியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்லக்கா” என்றான். “போகல. காலும் வரல. சும்மா டிக் போட்டேன்.”

அவள் கையிலிருந்த போனில் ஏழு இரண்டு என்றிருந்த வரியை அவன் காட்டினான்.

“புதன்கிழமை வந்தது மிஸ்டு கால் இல்ல. ரிங் முழுசாப் போச்சு. நான் எடுக்கல.”

“தூங்கிட்டிருந்தீங்களா?”

“முழிச்சிருந்தேன்.”

“பாத்துக்கிட்டேவா இருந்தீங்க?”

“பாத்துக்கிட்டே.”

அவள் போனை அணைத்தாள். பிறகு எதற்கோ திரும்பவும் போட்டாள். அப்பாவின் லாரிப் படம் திரையில் வந்தது.

“அப்ப புதன்தானா?”

“புதன்தான்க்கா.”

“அப்பா செத்த தேதியே தப்பு.” அவள் குரலில் கோபம்கூட இல்லை. அது இருந்திருந்தால் அவனுக்கு நின்றுகொள்ள ஓர் இடம் கிடைத்திருக்கும். “நான் கேடயம் குடுக்க மாட்டேன்.”

“குடுக்காதீங்க.”

“வெளிய இருக்கறவங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“போய்ச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு அவள் அந்த நாற்காலி அடுக்கின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மேடையில் தலைவர் நோட்டைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். “ஒரு கட்டம்கூடக் காலி இல்ல பாருங்க.” அவன் நோட்டை வாங்கினான். சட்டைப்பையிலிருந்த பேனாவால் லேட் மாமாவின் அந்த இரண்டு டிக்குகளையும் குறுக்கே அடித்தான். பேனா தாளைக் கிழித்தது. ஒலிபெருக்கியில் நான்கே வாக்கியம். லேட் மாமா கூப்பிட்டார். நான் எடுக்கவில்லை. மறுநாள் அவர் கூப்பிடாமலே டிக் போட்டேன். இந்த வேலையைச் செய்தவள் என் மனைவி.

“என்ன சொல்றான்?” முதல் வரிசையில் வயர்லெஸ்காரர் காதைத் திருப்பினார்.

பக்கத்திலிருந்த சமையல்காரர் அவர் காதருகே போய் உரக்கச் சொன்னார்: “லேட்டு கூப்பிட்டிருக்கான். இவன் எடுக்கல. பொய் டிக்கு.” அந்தக் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. தன் வாயால் சொன்னதைவிட அதுதான் அவனுக்குத் தைத்தது.

யாரும் கை தட்டவில்லை. யாரும் திட்டவும் இல்லை. தலைவர் கேடயத்தை என்ன செய்வது என்று தெரியாமல் அது வந்த பெட்டியிலேயே திரும்ப வைத்தார்.

வாசலில் வயர்லெஸ்காரர் நின்றிருந்தார். “மிஸ்டு கால் போதும்னு நீ சொன்னப்ப நாங்களும் தலையாட்டினோம். ஆனா எங்க மேலயும் தப்பு இருக்குன்னு சொல்லுவேன்னு பாக்காதே. தப்பு உன்னோடது.”

“ஆமா மாமா.”

“சரி. வீட்டுக்குப் போ.”

“நாளைக்குக் கூப்பிடுவீங்களா?”

அந்தக் கேள்வி அவருடைய இடது காதுப் பக்கம் போனதா, கேட்டும் கேட்காததுபோல் போனாரா, தெரியவில்லை.

மறுநாள் ஆறே முக்காலுக்கே அவன் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஏழு ஆனது. போன் அப்படியே கிடந்தது. ஏழு ஒன்பதுக்கு ஒரு ரிங். கட். வயர்லெஸ்காரர். அவன் திருப்பிக் கூப்பிட்டான்.

“ஒரு ரிங்தானே சொன்னே?”

“இனிமே போதாது மாமா. குரல் கேக்கணும்.”

“ஆஜர்” என்றார். சாப்பிட்டியா என்று கேட்கவில்லை.

ஏழரைக்குள் ஒன்பது பேர் ஆனார்கள். சிலர் கூப்பிட்டார்கள். மற்றவர்களை அவன் கூப்பிட்டான். சமையல்காரர் மட்டும் எடுக்கவில்லை. அவள் ஸ்கூட்டர் பதினான்கு மாதமாக மூலையில் கிடந்தது. ஆறு உதைக்குப் பிறகு கிளம்பியது.

கதவைத் தட்டினான். சத்தம் இல்லை. இன்னொரு முறை தட்டினான். உள்ளே பாத்திரம் உருண்டது.

“யாரது?”

“நான்தான் மாமா.”

“உனக்கு நான் ஆஜர் சொல்ல மாட்டேன். போடா.”

குரல் கேட்டது. நோட்டைக் கதவின் மேல் வைத்து டிக் போட்டான்.