ஓசிச் சிரிப்பு

யோகேஸ்வரி தம்பியின் வாயோரத்தில் வழிந்த கஞ்சியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, கட்டிலருகே உட்கார்ந்திருந்த மூர்த்தி மாமா விழுந்து விழுந்து சிரித்தார். கோயில் கமிட்டித் தலைவர் அவர். தம்பி ரூபேந்திரன் சொன்ன ஜோக்கும் அவரைப் பற்றித்தான்.

“நீங்க மைக்க புடிச்சா அம்மன் ரெண்டு கையால காத பொத்திக்குவா மாமா. மிச்ச ஆறு கையும் உங்கள கும்பிடும், ‘போதும்லா’ன்னு.”

இதே ஜோக்கை அவன் ஜொகூர் பாருவில் ஒரு காப்பிக்கடை மாடியில் நடந்த காமெடி நிகழ்ச்சியில் மைக் பிடித்துச் சொன்னபோது, வீடியோவைப் பார்த்துவிட்டு ரெங்கம் ஊரிலுள்ள இவர்கள் வீட்டு வாசலில் வந்து குதித்த மனிதர் இவர். சாமி, சாதி, சொந்தக்காரர்கள் என்று எதையும் விட்டுவைக்காதவன் ரூபேந்திரன். ஒரு தடவை செருப்பே பறந்து வந்தது. அதையும் வீட்டில் வந்து சந்தோஷமாகத்தான் சொன்னான்.

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனதும் அவன் முகம் சுருங்கிவிட்டது.

“மாமாவே சிரிக்கிறாரு. அப்ப இன்னைக்குத்தான்க்கா.”

“வாய மூடுடா.”

“எல்லாம் ஓசிச் சிரிப்பு. சாகப் போறவன்னு பாவம் பாத்து சிரிக்கிறாங்க. நீயும்தான்.”

அவளுக்குச் சுருக்கென்றது. எந்த ஜோக்கையும் அவன் முதலில் அவளிடம்தான் சொல்லிப் பார்ப்பான். “நல்லா இல்ல, போடா” என்று மூஞ்சியில் அடித்தாற்போல் சொல்லுவாள். ஈரலில் புற்று என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து எதற்கெடுத்தாலும் சிரித்துவைத்தாள். அவனிடம் நல்லா இல்லையென்று சொல்ல மனசு வரவில்லை.

“ஒரே ஒரு தடவ நெஜமான சிரிப்ப கேட்டுட்டு போறேன்க்கா.” அவனுக்கு மூச்சு வாங்கியது. “புதுசு ஒண்ணு இருக்கு. நான் செத்ததும் மாமா மைக்க புடிச்சு பேசுவாரு. அத கேட்டு நான் ரெண்டாவது தடவ சாவேன்.”

வாய் தானாகச் சிரிக்கப் போனது. பல்லைக் கடித்து அடக்கினாள். சாகக் கிடக்கிற பிள்ளையிடம் இப்படியும் சொல்வார்களா என்று தயங்கியும் சொல்லிவிட்டாள்.

“நல்லா இல்லடா. பழைய ஜோக்கு.”

எத்தனையோ நாளைக்குப் பிறகு அவன் முகம் மலர்ந்தது. “அலமாக்! பழசா?” என்று கண்ணை மூடிக்கொண்டான். உதடு மட்டும் அசைந்தது. வார்த்தைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிறான். நிகழ்ச்சிக்குப் போகும்போது காரிலும் இப்படித்தான் முணுமுணுத்துக்கொண்டு வருவான். வெளியே மழை பிடித்துக்கொண்டது.

“அக்கா.”

“சொல்லு.”

“மாமா பேசிக்கிட்டே இருக்காரு. எனக்கு தாங்க முடியல. பொட்டியிலேருந்து எந்திரிச்சிட்டேன்.” மூச்சுக்காக நின்றான். “மாமா என்ன பாத்து சொல்றாரு... ‘உக்காரு தம்பி, இன்னும் முடியல.’”

யோகேஸ்வரிக்குச் சிரிப்பு மூக்கு வழியாக வெடித்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இது நெஜம்,” என்றான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது அவன் நெஞ்சு அசையவில்லை. மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாள். கொஞ்ச நேரம் விரலை எடுக்கவே இல்லை.

கூடத்திலிருந்து அத்தை அதட்டினார். “என்ன புள்ள சிரிப்பு, இந்த நேரத்துல?”

சொன்னால் எல்லோரும் உள்ளே வந்துவிடுவார்கள். அழுகை ஆரம்பித்துவிடும்.

“ஒண்ணும் இல்லத்த. தம்பி ஜோக்கு சொன்னான்,” என்றாள். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.